படிமம் வேறு, பனுவல் வேறு: கொல்கத்தாவில் வருடப்படும் ஏடுகளும் திறமூலக் கணினியும்

தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் பணியாற்றி, 1936இல் அதன் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. 1956இல் அவர் மறைந்தார். வாழ்நாள் முழுதும் அவர் தேடிச் சேர்த்த நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் இன்று சென்னையில் இல்லை. அவர் பிறந்த நெல்லைச் சீமையிலும் இல்லை. கொல்கத்தா அலிப்பூரில், பெல்வடேர் வளாகத்தில் இயங்கும் தேசிய நூலகத்தில், அவர் பெயர் தாங்கிய தனித் தொகுப்பாக அவை இருக்கின்றன.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படி ஒன்றைப் பதிப்பாளர் தம் சொந்தச் செலவில் 30 நாளுக்குள் அந்நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னைக் கன்னிமரா நூலகத்துக்கும் அதே உரிமை உண்டு. எல்லாப் பதிப்பாளரும் சட்டத்தை மதித்தனர் என்று எவரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆயினும் எழுபது ஆண்டுகளாக அலிப்பூரில் தமிழ் நூல்கள் குவிந்தே வந்துள்ளன. தமிழ்ப் பிரிவு என்ற தனிப் பிரிவே அங்கு உண்டு. தமிழ் ஆய்வாளர் ஒருவர் அந்நூல்களை அடைய இரண்டு வழிகள்: கோரமண்டல் விரைவு வண்டியில் ஒரு பகலும் ஓரிரவும் பயணம் செய்வது, அல்லது வருடப்பட்ட படி ஒன்றைப் பெறுவது. உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத ஆய்வு மாணவருக்கு இரண்டாம் வழியே நடைமுறை வழி. எனவே, அந்தப் படி எவ்வாறு எடுக்கப்படுகிறது, எந்த வடிவத்தில் கணினியை விட்டு வெளியேறுகிறது என்பவை தொழில்நுட்பப் பிரிவின் உள்விவகாரங்களாக இருக்க முடியாது. அவை ஆய்வின் விவகாரங்கள்.

எண்ணிமப்படுத்தல் பற்றிய அறிக்கைகள் எல்லாம் ஒரே கணக்கைச் சொல்கின்றன: இத்தனை லட்சம் பக்கங்கள் வருடப்பட்டன. வருடப்பட்டவை எப்படி வெளியே வந்தன என்ற கணக்கை எவரும் கேட்பதில்லை. வருடுதல் என்பது ஒளியும் கண்ணாடியும் செய்யும் வேலை; அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பின்னர் அப்படிமத்தை எந்தக் கோப்பாகச் சேமிப்பது, எவ்வளவு சுருக்குவது, அதனுள் தேடத்தக்க எழுத்து இருக்குமா, இருபது ஆண்டு கழித்து வேறொருவருடைய கணினியில் அது திறக்குமா என்ற முடிவுகள் அந்த அரை நிமிடத்தைவிட எத்தனையோ மடங்கு முக்கியமானவை. அம்முடிவுகளை நூலகரோ ஆய்வாளரோ எடுப்பதில்லை. ஸ்கேனரோடு வந்த குறுந்தகட்டிலுள்ள மென்பொருளே எடுத்துவிடுகிறது.

லினக்ஸ் முதலிய திறமூல இயங்குதளங்களைப் பற்றிப் பேசும்போது, அவை இலவசம் என்பதே முதற்காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆவணக் காப்பகத்தைப் பொறுத்தவரை அது மிக அற்பமான காரணம். முதன்மையான காரணம் வேறு. அங்கு வருடும் கருவிக்கும் வருடும் நிரலுக்கும் இடையில் ஒரு வாசல் வெளிப்படையாக வைக்கப்பட்டிருக்கிறது. 'ஸ்கேனர் ஆக்சஸ் நவ் ஈசி' என்பதன் சுருக்கமாகிய 'சேன்' என்ற கட்டமைப்பு 1990களின் நடுப்பகுதியிலிருந்து வளர்ந்து வருவது. கருவியோடு பேசும் பகுதியும் பயனருக்கு முகங்காட்டும் பகுதியும் அதில் முற்றிலும் தனித்தனியானவை. விண்டோஸில் வழங்கும் 'ட்வெய்ன்' முறையில் கருவியைச் செய்த நிறுவனத்தின் டிரைவரே பயனர் முன் தோன்றும் சாளரத்தையும் கொண்டுவந்து நிறுத்தும். நிறுவனம் அந்த டிரைவரைக் கைவிட்டால் கண்ணாடியும் விளக்கும் நன்றாக இருக்கும்போதே கருவி செத்துவிடும். இந்தியப் பல்கலைக்கழகத் துறைகளின் அலமாரி மேல் தூசு படிந்து கிடக்கும் ஸ்கேனர்களில் பல பழுதானவை அல்ல; புதிய விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் கிடைக்காதவை. அவற்றுள் கணிசமானவற்றைச் 'சேன்' இன்னும் அடையாளம் காணும். அப்பட்டியலில் உள்ள கருவியை ஒரு பழைய கணினியில் இணைத்து, வலைப்பின்னல் வழியாக அறையிலுள்ள அனைவரும் பயன்படுத்துமாறு செய்யவும் அதில் வழியுண்டு.

குறை இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. விலையுயர்ந்த, புத்தகத்தை மேலிருந்து படம்பிடிக்கும் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸ் மென்பொருளோடுதான் விற்கப்படுகின்றன. தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் கருவிகள் சிலவற்றின் சிறப்பு வசதிகள் லினக்ஸில் இயங்குவதில்லை. அண்மைக்காலத்தில் 'ஈஎஸ்சிஎல்' போன்ற பொது நெறிமுறைகளைக் கருவிகள் பேசத் தொடங்கியபின், தனி டிரைவர் இல்லாமலேயே வருடுவது எளிதாகியிருக்கிறது. ஆனால் அதுவும் கருவி வாங்கும் நாளில் யாராவது கேட்டு வாங்கினால்தான். ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்களில் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்ற கேள்வி தவறாது இடம்பெறுகிறது. லினக்ஸில் இயங்குமா என்ற கேள்வி அரிதாகவே இடம்பெறுகிறது. இத்தனைக்கும், திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்ற கொள்கையை ஒன்றிய அரசு 2015இலேயே வெளியிட்டுவிட்டது. மின்னாளுகையில் திறந்த தரநிலைகளைப் பின்பற்றும் கொள்கை அதற்கும் முந்தியது, 2010இல் வந்தது.

திறமூலப் பக்கத்திலும் கண்டிக்க வேண்டியது உண்டு. உபுண்டு போன்ற வழங்கல்களோடு வரும் 'சிம்பிள் ஸ்கேன்' என்ற எளிய செயலி, இப்போது 'டாக்குமென்ட் ஸ்கேனர்' என்று அழைக்கப்படுவது, எழுத்துப் பக்கங்களை இயல்புநிலையில் அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற அளவில் வருடும். ஒளிப்படத்துக்கு 300 புள்ளி. ஆங்கிலக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தூக்கியெறியும் அலுவலகத்துக்கு இது பொருந்தலாம். எழுத்துணரி மென்பொருள் ஓரளவு பிழையின்றிப் படிக்க 300 புள்ளியாவது வேண்டும். வங்கக் கூட்டெழுத்துக்கும் தமிழ்ப் புள்ளிக்கும் அது குறைந்தபட்சத் தேவை. எழுத்தைவிடப் படத்துக்குத்தான் நுட்பம் தேவை என்ற எண்ணம் உரோமன் எழுத்தின் வீட்டுக்குள் பிறந்த எண்ணம். அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல்தான் இது. ஆனால் மாற்றவேண்டும் என்று அறியாத ஒருவர் ஐந்நூறு பக்கம் வருடி முடித்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியபின் அதை அறிந்து பயனில்லை.

புள்ளியைப் பற்றிப் பேசும்போது 2013இல் ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டேவிட் க்ரீசல் என்ற கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் அலுவலகக் கருவி ஒன்றில் ஒரு கட்டட வரைபடத்தை வருடினார். வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு மூன்று வெவ்வேறு எண்கள். வருடப்பட்ட படியில் மூன்று அறைக்கும் ஒரே எண், 14.13. எழுத்துகள் மங்கவில்லை, கலங்கவில்லை. தெளிவாகவே தவறாக இருந்தன. காரணம் 'ஜேபிக்2' என்னும் சுருக்கும் முறை. ஒன்றுபோல் தோன்றும் சிறு வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்துவைத்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டும் வழி அதில் உண்டு. கோப்பின் அளவு குறையும். 6 இருந்த இடத்தில் 8 வந்து அமரவும் கூடும். நிறுவனம் பின்னர்த் திருத்த நிரல் வெளியிட்டது.

எண்ணுக்கே இந்தக் கதி என்றால், எழுத்துக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். வங்க எழுத்தில் பகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு கீழே இடும் ஒற்றைப் புள்ளி மட்டுமே. தமிழில் 'பல்' என்பதும் 'பல' என்பதும் ஒரு புள்ளியால் வேறுபடுவன. பழைய அச்சில் ரகரமும் காலும் ஏறக்குறைய ஒரே வடிவின; தமிழெண் ஒன்றும் ககரமும் ஒன்றேபோல் தோன்றுவன. பாடவேறுபாடு ஆராய்பவருக்கு ஒரு புள்ளி என்பது ஒரு வாதம். அந்தப் புள்ளியைப் பதிப்பாசிரியர் நீக்கினாரா, அச்சுக்கோப்பவர் விட்டாரா, பூச்சி தின்றதா என்று மூன்று ஐயங்கள் ஏற்கெனவே உண்டு. சுருக்கும் நிரல் விழுங்கியதா என்ற நான்காவது ஐயமும் சேர்ந்தால் படியெடுத்த கோப்பு சான்றாக நிற்கும் தகுதியை இழக்கிறது. இங்கேதான் திறமூலத்தின் உண்மையான மதிப்பு வெளிப்படுகிறது. 'ஓசிஆர்மைபிடிஎஃப்' என்ற லினக்ஸ் நிரல், இழப்புள்ள ஜேபிக்2 முறையை இயல்புநிலையில் பயன்படுத்துவதில்லை. ஏன் பயன்படுத்துவதில்லை என்பதையும் அதன் கையேடு வெளிப்படையாகவே விளக்குகிறது. மூடிய மென்பொருளில் 'தரம்: உயர்வு, நடுத்தரம், குறைவு' என்ற மூன்று பொத்தான்கள் இருக்கும். நடுத்தரம் என்றால் பக்கத்துக்கு என்ன நேர்கிறது என்பதை நிறுவனத்தைத் தவிர யாரும் அறியார்.

எழுத்துணரி என்றவுடன் கொல்கத்தாவின் இன்னொரு பக்கத்தைக் குறிப்பிடாமல் போவது முறையாகாது. பாரக்பூர் நெடுஞ்சாலையில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1931இல் மகலனோபிஸ் தோற்றுவித்தது, இந்திய எழுத்துகளைக் கணினி படிக்கச் செய்யும் ஆய்வின் தொட்டில்களில் ஒன்று. பி. பி. சௌதுரியும் உமாபத பாலும் அச்சு வங்கத்துக்கான முழுமையான எழுத்துணரி முறை ஒன்றை 1998இல் ஆய்விதழில் விளக்கினர். வங்க எழுத்துகள் தலைக்கோட்டில் தொங்குபவை. ஒரு சொல்லின் எழுத்துகளெல்லாம் மேலே ஒரே கோட்டால் பிணைந்திருக்கும். முதலில் அக்கோட்டைக் கண்டறிந்து எழுத்துகளைப் பிரித்தாக வேண்டும். தமிழுக்கு அத்தொல்லை இல்லை. அதற்கு ஈடாக, ஒலிப்பில் பின்வரும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தில் முன்வந்து நிற்கும் தொல்லை தமிழுக்கும் வங்கத்துக்கும் பொது.

ஆய்விதழில் வெளியான முறை ஒன்று. எந்தக் கணினியிலும் ஒரு கட்டளையில் நிறுவத்தக்க நிரல் மற்றொன்று. இரண்டாவது கைக்கு வந்தது 'டெசராக்ட்' மூலம். ஹெவ்லெட்-பேக்கார்ட் நிறுவனம் 1985க்கும் 1994க்கும் இடையில் உருவாக்கி, 2005இல் திறமூலமாக வெளியிட்ட இந்நிரலைக் கூகுள் பின்னர் வளர்த்தது. 2018இல் வெளிவந்த நான்காம் பதிப்பு நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியது. வங்கத்துக்கும் தமிழுக்கும் மொழிக்கோப்புகள் அதில் உண்டு. வருடிய பி.டி.எஃப். கோப்பை 'ஓசிஆர்மைபிடிஎஃப்' நிரலிடம் கொடுத்தால், டெசராக்டைக் கொண்டு படித்து, படிமத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலம் ஒன்றை ஒருங்குறியில் விரித்து, நெடுங்காலச் சேமிப்புக்கென 2005இல் தரப்படுத்தப்பட்ட பி.டி.எஃப்./ஏ வடிவில் திருப்பித் தரும். விரும்பினால் வெறும் எழுத்தைத் தனிக் கோப்பாகவும் தரும். மொழியியல் மாணவருக்கு இந்தத் தனிக் கோப்புதான் பொன். சொல்லடைவும் தொடரடைவும் அதிலிருந்தே பிறக்கும்.

டெசராக்டைவிடக் கூகுளின் மூடிய சேவை தமிழையும் வங்கத்தையும் நன்றாகப் படிக்கிறது என்பது உண்மை. தமிழ் விக்கிமூலத்தாரும் வங்க விக்கிமூலத்தாரும் அதை எடுத்தாள்வதும் இதனால்தான். மறுக்க வேண்டியதில்லை, நன்றாகப் படிக்கும் கருவியைப் பயன்படுத்துவதில் தீட்டு ஒன்றுமில்லை. படித்துக் கிடைத்த எழுத்து எங்கே தங்குகிறது என்பதே பொருட்படுத்த வேண்டியது. விக்கிமூலத்தில் அது திறந்த வடிவில், படிமத்துக்கு எதிரே, எவரும் திருத்தத்தக்க வகையில் தங்குகிறது. இன்னொன்றும் உண்டு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்திய அச்சில் துதிக்கையோடு வரும் 'லை', 'ணை', 'னை' ஆகியவையும், சுழித்து எழுதப்பட்ட 'ணா', 'றா', 'னா' ஆகியவையும் எழுத்துணரிகளைத் திணறடிப்பவை. வையாபுரிப் பிள்ளை காலத்து நூல்களில் பெரும்பாலானவை அந்த எழுத்தில் ஆனவை. திறமூல நிரலுக்கு அவ்வெழுத்துகளைக் கற்பிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில நூறு பக்கங்களைப் பிழையறத் தட்டச்சு செய்து பயிற்சி கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். கற்றதை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ளலாம். மூடிய சேவையிடம் வேண்டுகோள் மட்டுமே விடுக்க முடியும். உலகத்தில் எத்தனை பேர் பழைய லைகாரத்தைத் தேடுகிறார்கள் என்ற வணிகக் கணக்கில் அவ்வேண்டுகோளின் இடம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

காப்பகத்துக்குள் ஸ்கேனரைக் கொண்டுசெல்ல முடியாத ஆய்வாளர்கள் கைபேசியை நம்பினர். ஏறக்குறைய அனைவரும் ஒரே செயலியை நம்பினர்: கேம்ஸ்கேனர். மாணவரின் விண்ணப்பம் முதல் துறைத்தலைவரின் சுற்றறிக்கை வரை, பக்கத்தின் அடியில் அதன் பெயர் முத்திரையாகப் பதிந்த தாள்கள் இந்தியாவெங்கும் உலவின. 2019 ஆகஸ்டில் அச்செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கு செய்யும் நிரற்கூறு இருப்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டறிந்து அறிவித்தது. கூகுள் சில காலம் அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆண்டுக்கணக்கில் எடுத்த படிகளை அச்செயலியின் மேகக் கணக்கிலேயே விட்டுவைத்திருந்தவர்களுக்கு, வெளியேற்றுதல் என்ற சொல்லின் பொருள் அன்று மாலை விளங்கியிருக்கும். வருடுவதற்கு எடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, வருடியதைச் சாதாரணக் கோப்பாகத் தன் வட்டில் இறக்கிவைப்பதற்கு ஒதுக்கியவர் பிழைத்தார்.

அரசு நிறுவனங்களின் திட்டங்கள் தனிமனிதரின் கைபேசியைவிடப் பாதுகாப்பானவை என்று எண்ணுவோருக்கு இந்திய மின்னூலகத்தின் வரலாறு போதும். 2000க்குப் பிந்திய முதற்சில ஆண்டுகளில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பத்துலட்சம் நூல் திட்டத்தோடு இணைந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு அது தொடங்கியது. லட்சக்கணக்கான நூல்கள் வருடப்பட்டன. வங்கமும் தமிழும் அவற்றுள் உண்டு. ஒரு நூலை முழுக் கோப்பாகத் தருவதற்குப் பதில், பக்கத்துக்கு ஒரு டிஃப் கோப்பு என்று தளம் தந்தது. அதைக் காண உலாவியில் தனிச் செருகுநிரல் வேண்டியிருந்தது. பக்கங்களை ஒவ்வொன்றாக இறக்கி ஒரே பி.டி.எஃப். ஆக்கும் நிரல்களை ஆர்வலர்கள் தாமே எழுதிப் பகிர்ந்தனர். நூற்பட்டியலோ அவலம். தமிழ் நூற்பெயர்களும் வங்க நூற்பெயர்களும் எந்த ஒழுங்கிலும் அடங்காத ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தன. இந்திய மொழிகளை உரோமன் எழுத்தில் எழுதும் முறைகளுள் ஒன்றுக்கு, 'கல்கத்தா தேசிய நூலக முறை' என்று இந்நகரத்தின் பெயரே வழங்குகிறது. திராவிட மொழிகளின் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக்காட்டும் நல்ல முறை அது. நாட்டின் மிகப் பெரிய மின்னூலகம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 2017 அளவில், பதிப்புரிமைச் சிக்கல்களுக்கிடையே, தளம் நின்றுபோனது.

நூல்கள் அழியாமைக்குக் காரணம், கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர் அவற்றில் லட்சக்கணக்கானவற்றை முன்னரே படியெடுத்து இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றியிருந்ததுதான். 'இன்.எர்நெட்.டிஎல்ஐ.2015' என்று தொடங்கும் அடையாள எண்ணைத் தாங்கிய அந்த நூல்களைப் பயன்படுத்தாத தமிழ் ஆய்வாளரோ வங்க ஆய்வாளரோ இன்று இருக்க முடியாது. அந்த இணைய ஆவணக் காப்பகமும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள் முடங்கியது. அதற்கு ஓராண்டு முன்னர், 2023 அக்டோபரில், பிரித்தானிய நூலகம் தாக்கப்பட்டு, அழிநிலை ஆவணத் திட்டத்தின் தளமுட்பட அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. ஒரே இடத்தில் இருக்கும் படி, படியே ஆகாது. பல இடங்களில் இருக்க வேண்டுமென்றால் கோப்பு பல இடங்களில் திறக்க வேண்டும். குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருள் இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் கோப்பு ஊர் தாண்டாது.

பழைய ஏடுகளை விடுவோம். நேற்று எழுதிய ஏடுகளின் நிலை என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின், முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. கல்கத்தாப் பல்கலைக்கழகமும் ஜாதவ்பூரும் சென்னையும் மதுரையும் அதில் உண்டு. களஞ்சியம் இயங்குவது 'டிஸ்பேஸ்' என்ற திறமூல மென்பொருளில். வாசல் திறந்த வாசல்தான். உள்ளே வருவனவோ பல வேளைகளில் ஊமைக் கோப்புகள். கணினியில் தட்டச்சு செய்த ஆய்வேட்டை அச்சிட்டு, கட்டடம் செய்து, கையொப்பம் வாங்கி, மீண்டும் பிரித்து வருடிப் படிமமாக ஏற்றுகிறார்கள். எழுத்தாகப் பிறந்தது படமாகச் சமாதியாகிறது. நேரடியாக பி.டி.எஃப். ஆக மாற்றியவற்றிலும் இந்திய மொழி ஆய்வேடுகள் பல, ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் அடைபட்டவை. திரையில் தமிழாகத் தெரியும் தொடரை எடுத்து ஒட்டினால் உரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பை வரும். ஒருங்குறியில் எழுதியிருந்தாலும், ஏற்றுமதி செய்த நிரல் எழுத்துரு வடிவங்களுக்கும் எழுத்துகளுக்கும் உரிய பொருத்தத்தைக் கோப்பில் பதியாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறும். ஒரு தமிழ் ஆய்வேட்டில் ஒரு சொல்லைத் தேட முடியவில்லை என்றால், அவ்வாய்வேட்டை மேற்கோள் காட்டும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆங்கில ஆய்வேடு தேடுபொறியில் அகப்படும்; தமிழ் ஆய்வேடும் வங்க ஆய்வேடும் அகப்படா. பின்னர், இந்திய மொழிகளில் ஆய்வே நடப்பதில்லை என்ற பேச்சு வரும்.

படிமத்தைத் தாண்டிச் சென்றால் என்ன கிடைக்கும் என்பதற்கும் கொல்கத்தாவிலேயே சான்று உண்டு. தாகூரின் பதிப்புரிமை 2001இல் முடிந்தது. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள் மற்றும் பதிவுகள் பள்ளி, சுகந்த சௌதுரியின் வழிகாட்டலில், 2013இல் 'பிசித்ரா' என்ற இணையவழிப் பாடவேறுபாட்டுப் பதிப்பை வெளியிட்டது. கையெழுத்துப் படிகளும் அச்சுப் படிகளுமாக ஏறத்தாழ 1,39,000 பக்கங்களின் படிமங்கள் அதில் உள்ளன. அத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு படக்கடையாகியிருக்கும். கையெழுத்தை எழுத்துணரி படிக்காது. எனவே மனிதர்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படியெடுத்தனர். அடித்தல் திருத்தல்களையும் குறித்தனர். ஒரு கவிதையின் பல வடிவங்களை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்ட 'பிரபேத்' என்ற நிரலையும் எழுதினர். வேறுபாடு என்பதே அச்சொல்லின் பொருள். தாகூர் ஒரு வரியை எத்தனை முறை மாற்றினார் என்பதை இன்று எவரும் வீட்டிலிருந்தே காணலாம். சங்க இலக்கியத்தை 1940இல் சமாஜப் பதிப்பாக ஒருசேர வெளியிடச் சுவடிகளை ஒப்பிட்டு உழைத்த வையாபுரிப் பிள்ளையின் தொழிலும் அதுவேதான். அவர் பதிப்பித்த பேரகராதியைச் சிகாகோப் பல்கலைக்கழகத் தளத்தில் எழுத்தாகவே தேடிவிடலாம். அவர் கைபட்ட ஏடுகள் அந்நிலையை அடைய, ஜாதவ்பூரில் அமர்ந்தவர்களைப் போல இங்கும் சிலர் அமரவேண்டும். அவர்கள் அமரும் நாளில் அவர்கள் முன்னிருக்கும் படிமம் புள்ளியை விழுங்கிய படிமமாக இருக்கக்கூடாது.

பதிப்புரிமை என்ற மறுப்பு இங்கு நிற்காது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் இந்தியச் சட்டப்படி நூல் பொதுவுடைமை. 2017 சனவரி முதல் வையாபுரிப் பிள்ளையின் எழுத்துகளும் பொதுவுடைமையே. ஊழியருக்குப் பயிற்சி இல்லை என்ற மறுப்புக்கு ஓரளவு நியாயமுண்டு. ஆனால் கல்லூரித் தெருவின் நகலகங்களில் பணியாற்றும் இளைஞர்கள் எந்தப் பட்டயமும் இன்றி எத்தனை மென்பொருள்களைக் கையாள்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் அம்மறுப்பை நீண்ட நேரம் நம்பமாட்டார்கள். 'அங்குர்' என்ற தன்னார்வக் குழு லினக்ஸ் மேசைத்தளத்தை வங்கமொழியில் ஆக்கத் தொடங்கி இருபதாண்டுக்கு மேலாகிறது. தன் மொழியிலேயே பட்டிகளைப் படிக்கும் ஊழியருக்கு வருடும் செயலி புதிராக இருக்காது.

எனவே நூலகங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் வைக்கப்பட வேண்டிய கோரிக்கை மிகச் சிறியது. அடுத்த ஒப்பந்தப்புள்ளியில், கருவி திறமூல இயங்குதளத்தில் இயங்க வேண்டும் என்ற ஒரு வரி. மூலப்படிமம் இழப்பற்ற சுருக்கத்தோடு டிஃப் வடிவிலும், வாசகர்படி ஒருங்குறி எழுத்துப் படலத்தோடு பி.டி.எஃப்./ஏ வடிவிலும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று இன்னொரு வரி. எத்தனை புள்ளியில், எந்த நிரலின் எந்தப் பதிப்பால், எந்தச் சுருக்கத்தோடு படியெடுக்கப்பட்டது என்ற விவரம் கோப்பினுள்ளேயே பதியப்பட வேண்டும் என்று மூன்றாவது வரி. ஆய்வேடு ஏற்றும் பல்கலைக்கழகப் பிரிவுகள், கையொப்பப் பக்கத்தை மட்டும் வருடிச் சேர்த்துக்கொண்டு மற்றப் பக்கங்களை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளலாம். இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதையும் யாரேனும் வருடிப் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினால் நல்லது.